நூற்று இருபத்தெட்டு

கல்மண்டபம் சாலை இ-சேவை மையத்தில்
செவ்வாய்க்கிழமையிலிருந்து
ராயபுரம் முழுக்கப் பச்சை முகம்.

ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய
முந்நூற்றைம்பது ரூபாய் கேமரா.
பழையதன் மேல் யாரோ டீ கொட்டிவிட்டார்கள்.
யார் என்று ஷம்ஷாத் சொல்லவில்லை;
அவள் கீபோர்டிலும் சர்க்கரை பிசுபிசுக்கிறது.

டோக்கன் நாற்பத்தொன்று டெல்லிபாபு,
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
திரையில் தன்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"இன்னாக்கா, பாசி புட்ச்ச மாரி கீறேன்?"
முகம் பச்சை. மீசை அதைவிடப் பச்சை.
துவைத்துப் போட்டுவந்த வெள்ளைச் சட்டை மட்டும்
பஞ்சுமிட்டாய் நிறம்.

நான் டிரைவர் எழுதுகிறவள்.
(பஸ்ஸா, ஆட்டோவா என்று
வீட்டுத் தரகர் கேட்டிருக்கிறார்.)
தரமணியில் பறக்கும் ரயில் ஏறி
கடற்கரையில் இறங்கி
ஷேர் ஆட்டோவில் மடிக்கணினியை
மடியில் அணைத்தபடி வந்தேன்.

படத்தை மூடிவிட்டு
எண்களைத் திறந்தேன்.
சமைக்காத படம் இப்படித்தான் இருக்கும்:
ஒளி, நிறம், ஒளி, நிறம்,
ஒரு பைட் விட்டு ஒரு பைட்.
ஒளி ஒவ்வொரு புள்ளிக்கும் தனி.
நிறம் மட்டும் இரண்டு புள்ளிக்குப் பொது,
ஒண்டுக் குடித்தனத்துக் குழாய்போல.
டெல்லிபாபுவின் காதோரப் புள்ளியும்
பின்னால் தொங்கும் நீலத் துணியின் முதல் புள்ளியும்
ஒரே நிறத்தில்தான் காலம் தள்ளுகின்றன.
யாரும் கவனிப்பதில்லை.
கண், ஒளியை எண்ணி வாங்கும்;
நிறத்தைக் குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளும்.

கேமராவைக் கேட்டேன்: எது முதலில்?
ஒளி, என்றது.

ஷம்ஷாத்திடம் வெள்ளைத் தாள் கேட்டேன்.
ரத்தான ஏதோ விண்ணப்பத்தின் பின்பக்கத்தைக் கொடுத்தாள்.
லென்ஸுக்கு நேரே பிடித்தேன்.

128, 219, 128, 220, 128, 219,

கையும் களவுமாக.
நிறம் முன்னால் வந்து நிற்கிறது.
சின்னப் பொய்தான், ஒரு பைட் தள்ளி.
ஆனால் வெளிச்சத்தை நிறமென்று வாசித்தால்
இருட்டெல்லாம் பச்சை,
வெளுப்பெல்லாம் ரோஜா.

நிறமே இல்லை என்பதற்கு
இந்தக் கணக்கில் பூஜ்யம் கிடையாது.
நூற்று இருபத்தெட்டு.
நீலத்துக்கும் சாயாமல் சிவப்புக்கும் சாயாமல்
தராசு முள் நிற்கிற நடு.
பூஜ்யம் போட்டுப் பார், பச்சை கத்தும்.
ஒன்றுமில்லை என்று எழுதவும்
சரியான எண் தெரிந்திருக்க வேண்டும்.
எனக்குத் தெரிய மூன்று வருடமும்
ஒரு ராஜினாமாக் கடிதமும் ஆயிற்று.
கடிதம் இன்னும் டிராஃப்டில் இருக்கிறது.

டிரைவருக்குள் ஒரு பட்டியல் உண்டு,
தன்னைப் பற்றித் தானே தப்பாகச் சொல்லும் கருவிகளுக்கு.
ஒன்று, படத்தைத் தலைகீழாக அனுப்பும்.
ஒன்று, வரி முடிந்த பிறகும்
நாலு பைட் குப்பை சேர்த்துப் படத்தையே சாய்த்துவிடும்.
ஆளுக்கு ஒரு வரி:
இது அப்படித்தான் சொல்லும், நீ இப்படி எடுத்துக்கொள்.
யாரையும் திட்டி எழுதுவதில்லை.
கடைசியில் இதையும் சேர்த்தேன்,
தயாரித்தவர் எண், பொருள் எண், ஒரு கமா.

கம்பைல் முடிவதற்குள் கரண்ட் ஒருமுறை போய் வந்தது.
டெல்லிபாபு வெளியே போய் பீடி பிடித்து வந்து உட்கார்ந்தார்.
சட்டை வெள்ளை.
கழுத்துக் கயிறு கறுப்பு.
முகம் அவருடைய முகம்,
ஐஸ் சில்லு கிழித்த புருவத் தழும்போடு.

கொஞ்ச நேரம் பார்த்தார்.
"பச்சையே தேவல போல.
இன்னும் கொஞ்சம் கலராக்க முடியாதா?"
ஷம்ஷாத் என்னைப் பார்த்தாள்.

அதற்கெல்லாம் மேலே வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன்,
வெளுக்க, வழவழப்பாக்க,
முதுகுக்குப் பின்னால் வேறொரு கடற்கரையை வைக்க.
நான் கீழே.
வந்ததை வந்தபடி மேலே ஏற்றிவிடுவதோடு சரி.

"அப்ப இது நான்தான்ற?"
"நீங்கள்தான்."

சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.
ஷம்ஷாத் பொத்தானை அழுத்தினாள்.
சரியாக அந்த நொடியில்
கண்ணை மூடிவிட்டார்.